பெயர் எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது

போன மாதமும் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மா, கையில் கடன் பத்திரம். ஜாமீன்தாரர் இடத்தில் அவர் கையெழுத்து, முத்து முத்தாக. "தம்பி மகன் போடச் சொன்னான், போட்டேன். இப்ப நான்தான் கட்டணுமாம் டீச்சர்." முதியோர் கல்வி வகுப்பு எடுக்கும் நான், இது எத்தனையாவது பத்திரம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கையெழுத்து போட வந்துவிட்டால் எழுத்தறிவு வந்துவிட்டது என்ற நினைப்புதான் எனக்கு ஆகவே ஆகாது. அவர் பெயரில் ஒரு 'மீ' உண்டு. அதே 'மீ' பத்திரத்தில் 'ஜாமீன்' என்ற சொல்லிலும் இருந்தது. விரல் வைத்துக் காட்டினேன், தெரியவில்லை. அவர் பெயரை எழுதவில்லை, வரைகிறார். அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு சின்னக் கூற்றைப் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிவதுதான் எழுத்தறிவு என்று யுனெஸ்கோ 1958-லேயே சொல்லிவிட்டது. வெறும் பெயர் அந்தக் கணக்கில் வராது.

கைநாட்டு என்றால் யாராவது பத்திரத்தை வாசித்துக் காட்டுவார், சாட்சியும் இருக்கும். கையெழுத்தைப் பார்த்தாலோ, படித்துவிட்டுத்தான் போட்டிருப்பார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாம் அரைகுறையாகக் கொடுத்தது, இருந்த காவலையும் பறித்துவிட்டது.

உலகில் படிக்கத் தெரியாத பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். "இந்த வயசுல மண்டையில ஏறாது" என்பவர்களை முதலில் கண் மருத்துவரிடம் அனுப்புவேன். பலருக்கு வெறும் வெள்ளெழுத்துதான். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைத் தானே படித்த பெண், அடுத்த முறை மருத்துவரிடம் "இது எதுக்கு?" என்று கேட்கிறார். தைரியத்துக்கென்று நான் தனிப்பாடம் நடத்துவதில்லை.

சரி, இதையாவது செய்யுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அவசரப்படுத்தினால் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், நாளை வருகிறேன் என்று சொல்லுங்கள். வாசித்துக் காட்டுபவர் கடன் கேட்பவராக இருக்கக் கூடாது. அப்புறம், வீட்டுப் பிள்ளைகளே, "இங்க போடும்மா" என்று விரலால் காட்டுவதை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து படித்துக் காட்டுங்களேன்.

அந்த அம்மா இப்போது வகுப்புக்கு வருகிறார். அகர வரிசையெல்லாம் அப்புறம் என்றார். முதல் நாள் அவர் கேட்டு எழுதிய சொல் 'ஜாமீன்'. 'மீ'யை மட்டும் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.