அளவுக்குள் இருக்கும் இரண்டு நஞ்சுகள்

தேவகோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கண்மாயில் கெண்டையும் கெளுத்தியும் செத்து மிதந்தன. தண்ணீரில் காட்மியமும் இருக்கிறதாம், பூச்சிமருந்தும் இருக்கிறதாம். ஆனால் இரண்டுமே கொல்லும் அளவுக்கு இல்லையாம். அப்புறம் எப்படிச் செத்தன?"

முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள். தண்ணீர் வற்றிப் பாசி மண்டிய கண்மாயில் விடியற்காலையில் மீன் சாவது பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான். அது காரணமில்லை என்றால், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒரே வயலிலிருந்தே வரலாம். பாஸ்பேட் உரம் தயாராகும் பாறையிலேயே காட்மியம் என்ற நச்சு உலோகம் கொஞ்சம் இருக்கும். அதே பயிருக்குக் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை அடித்திருப்பார்கள். மழையில் இரண்டும் கண்மாய்க்கு வந்துவிடும். கால்சியம் நுழையும் வழியாகவே காட்மியம் செவுளுக்குள் புகும். குளோர்பைரிபாஸ் நரம்பு நொதி ஒன்றை முடக்கும். மீன் துடிதுடித்து, நிலை தவறிப் பக்கவாட்டில் சாயும்.

மீனின் கல்லீரலில் குளூட்டாதயோன் என்றொரு சின்ன மூலக்கூறு உண்டு. மூன்றே அமினோ அமிலங்கள். நடுவிலுள்ள சிஸ்டீனில் ஒரு கந்தக அணு. அந்த ஒரு கந்தகம் செய்கிற வேலை எனக்கு இன்றும் வியப்புதான். காட்மியம் வந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பூச்சிமருந்து வந்தால், நொதியின் துணையோடு அதன் ஒரு துண்டைத் தன்மேல் வாங்கி வீரியத்தை முறிக்கும். காட்மியத்துக்கென்றே மெட்டலோதயோனின் என்ற புரதமும் இருக்கிறது. ஆனால் அதை வேண்டிய அளவுக்குத் தயாரிக்க மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். அதுவரை பாரம் குளூட்டாதயோன் தலையில்தான். அந்த நேரம் பார்த்துப் பூச்சிமருந்தும் வந்தால் கையிருப்பு தீர்ந்துவிடும்.

காட்மியம் முன்பே சிறுகச் சிறுக வந்திருந்தால் புரதம் தயாராக இருக்கும், மீன் தாக்குப்பிடிக்கலாம். இன்னொன்று: குளோர்பைரிபாஸ் கல்லீரலில் உருமாறிய பிறகுதான் கடும் நஞ்சாகிறது. உருமாற்றும் நொதியையே காட்மியம் தளர்த்திவிட்டால் நஞ்சு குறையவும் கூடும். ஆகவே ஒன்றும் ஒன்றும் மூன்றாகலாம், ஒன்றரையும் ஆகலாம். சோதிக்காமல் சொல்ல முடியாது.

ஆனால் வழக்கமான சோதனை, ஒவ்வொரு பொருளாகத் தொட்டியில் விட்டு 96 மணி நேரத்தில் பாதி மீன் சாகும் அளவைக் காண்பதுதான். கலவைக்குத் தொட்டியும் பணமும் பல மடங்கு வேண்டும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. நீரில் உலோகத்தை அளப்பது மின்வேதியியலுக்குக் கைவந்த கலை. நம் கெளுத்தியையும் விராலையும் வைத்துக் கலவைச் சோதனை நடத்த அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

அடுத்த முறை சாமி குற்றம் என்று சொல்லி மீனைப் புதைத்துவிடாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் மீனை உடனே ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மூளையில் அந்த நரம்பு நொதி எவ்வளவு முடங்கியிருக்கிறது, கல்லீரலிலும் செவுளிலும் காட்மியம் எவ்வளவு என்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் மருந்து சிதைந்துபோன பிறகும் அந்த நொதி சட்டென்று தேறாது.