ஓரடித் தொட்டிக்கு எந்த மீன்?

சின்னத் தொட்டி என்றால் வேலை குறைவு என்று நம்பித்தான் பலரும் அதை வாங்குகிறார்கள். சென்னையில் வீடுகளுக்கு மீன் தொட்டி அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். தொட்டி வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன என்றுதான் எனக்கு அதிகமாக அழைப்பு வருகிறது. போய்ப் பார்த்தால் ஓரடித் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ், நாலு மோலி, கூடவே டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன் ஒன்று. நோய் என்று நினைத்து நீல மருந்தும் ஊற்றியிருப்பார்கள். பெரும்பாலும் நோய் எதுவும் இருக்காது. அவ்வளவு மீன்களை அந்தத் தண்ணீர் தாங்காது என்பதுதான் விஷயம்.

மீனைப் பார்க்கும் முன் தொட்டி எத்தனை லிட்டர் என்று பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் போதும். 30, 20, 20 என்றால் 12 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 10 லிட்டர் தண்ணீர் நின்றால் பெரிது.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அதேதான். 100 லிட்டரில் கரைந்து பரவும் அளவு, 10 லிட்டரில் செவுளை எரித்துவிடும். இதில் நம் ஊர்த் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை உள்ளது. அம்மோனியாவில் ஒரு பகுதிதான் மீனுக்குக் கடும் நஞ்சு. தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7 இலிருந்து 8 க்கு ஏறினால் அந்தப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். வெயிலில் தண்ணீர் சூடாகும்போது இன்னும் கூடும். அதே சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் சின்னத் தொட்டிகளில் ஒரே இரவில் எல்லா மீனும் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் சில மீன்களைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள். முதலில் கோல்டு ஃபிஷ். கடையில் விரல் நீளம் இருப்பது, ஒழுங்காக வளர்ந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். கழிவும் மிக அதிகம். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கோல்டு ஃபிஷ் என்ற படத்தைப் பார்த்துப் பார்த்து நாம் பழகிவிட்டோம். அந்த மீனுக்கு அது சித்திரவதை. டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். அது பாசியைச் சுரண்டித் தின்னுமே தவிர மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது, தன் பங்குக்கு ஏராளமாகப் போடவும் செய்யும். 'ஷார்க்' என்று கையில் கொடுக்கும் பளபளப்பான குட்டி மீன் பெரும்பாலும் ஓட்டல்களில் பாசா என்று பரிமாறும் மீனின் குஞ்சு; வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தொடும். நியான் டெட்ரா சின்னதுதான், ஆனால் ஆறு எட்டாகக் கூட்டமாக வாழ வேண்டியது. மென்மையான தண்ணீர் கேட்கும், புதுத் தொட்டியின் ஏற்ற இறக்கத்தைத் தாங்காது.

சரி, எதை வைக்கலாம்? 10 முதல் 20 லிட்டர் தொட்டிக்கு நான் முதலில் சொல்வது ஃபைட்டர். ஒன்றே ஒன்று. தாய்லாந்தின் வயல்களிலும் ஆழமில்லாத சதுப்புகளிலும் வாழ்ந்த மீன் இது. மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. கடையில் சின்ன டப்பாவில் உயிரோடு இருப்பது அதனால்தான். அதைப் பார்த்து டப்பாவே போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றைச் சுவாசித்தாலும் அம்மோனியா அதையும் எரிக்கும். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்தால் சண்டை போட்டே செத்துவிடும். துணைக்கு ஒரு பெண் மீன் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சின்னத் தொட்டியில் ஆண் துரத்தினால் பெண் ஒளிய இடமிருக்காது. துடுப்பு நீளமானது என்பதால் தண்ணீரை அடித்துச் சுழற்றாத, மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதாவது பஞ்சு வழியாகத் தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர், போடுங்கள். எகிறிக் குதிக்கும், மூடி அவசியம். சென்னையில் ஹீட்டர் தேவைப்படாது, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தேவைப்படும்.

ஓடியாடும் மீன்தான் வேண்டும் என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால், 25 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் நாலைந்து கப்பி வைக்கலாம். நம் கடினத் தண்ணீர் கப்பிக்கு ஒத்துப்போகும். வெறும் ஆர்ஓ தண்ணீரில்தான் வாடும். ஆனால் எல்லாம் ஆணாக இருக்கட்டும். வண்ண வாலும் ஒல்லி உடம்புமாக இருப்பது ஆண், வயிறு பருத்து வெளிறியிருப்பது பெண். ஒரு பெண் மீன் தனியாக வந்தாலும் ஏமாறாதீர்கள். ஏற்கெனவே சேர்த்து வைத்த விந்தைக் கொண்டு மாதத்துக்கு ஒருமுறை, பல மாதங்கள் குட்டி போடும்.

மீனே வேண்டாம், ஏதாவது உயிர் இருந்தால் போதும் என்பவர்களுக்குச் சிவப்புச் செர்ரி இறால் அழகு. கழிவு மிகக் குறைவு. கோடைச் சூடும், தாமிரம் கலந்த மீன் மருந்துகளும் ஆகாது.

எதை எடுத்தாலும் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்காதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு அதிகம் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தெரிந்தவர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காலம் வெகுவாகக் குறையும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொட்டியைக் காலி செய்து சோப்புப் போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்த பாக்டீரியா எல்லாம் அதோடு போய்விடும். வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் அதிலுள்ள குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து விட்டோ ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

பொருந்தாத மீனை ஏற்கெனவே வாங்கியிருந்தால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் சிலர் பணம் தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கும் கொடுக்கலாம். ஏரியிலோ கிணற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த சக்கர் மீன், நம் நீர்நிலைகளில் இன்று பெருகிக் கிடப்பதற்கும், மீனவர்களின் வலையைக் கிழிப்பதற்கும் வீட்டுத் தொட்டிகளிலிருந்து அப்படி விடப்பட்டவை ஒரு முக்கியக் காரணம்.