கீல் தொகுதி அல்ல, எராக்கட்டை

"கப்பல் கீல் தொகுதிகளின் மீது அமர்த்தப்பட்டது." இந்த வாக்கியத்தை மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். ஆங்கிலத்தில் keel blocks என்று இருப்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு சொல், இரண்டும் தப்பு.

முதலில் கீல். கப்பலின் அடியில் முன்முனை தொடங்கிப் பின்முனை வரை ஓடும் நெடுமரத்தைத்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து போனது, அது கிடக்கட்டும். தமிழில் அதற்குப் பெயர் எரா. எரா, பருமல், வங்கு, கூம்பு என்று உறுப்புக்கு உறுப்பு பெயர் வைத்திருக்கிறோம், பள்ளிப் பாடநூலிலேயே வந்திருக்கிறது.

ஒலிபெயர்த்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். வேறு சொல் என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் கீல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறதே! கதவுக்குக் கீல் உண்டு, மூட்டில் வருவது கீல்வாதம், அப்புறம் தாருக்கும் கீல் என்றே பெயர். மரக்கலத்தின் பலகை இடுக்கில் நாரைத் திணித்து மேலே பூசுகிற அந்தக் கறுப்புப் பசை. "கீலைச் சரிபார்க்கவும்" என்று எழுதினால் படகு கட்டுபவர் அடிமரத்தைப் பார்ப்பாரா, பூச்சைப் பார்ப்பாரா?

சரி, எராவை அடிக்கட்டை என்கிறார்கள் சிலர். வெட்டிய மரத்தில் மிஞ்சுவதும் ரசீது கிழித்த பின் புத்தகத்தில் நிற்பதும் அடிக்கட்டைதான். அதைவிட, கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வெளியேற்றி வேலை பார்க்கும் உலர்துறையில் எராவுக்குக் கீழே வரிசையாக வைப்பதே கட்டைகள். அடிக்கட்டைக்கு அடியில் உள்ள கட்டை என்று யார் சொல்லிக்கொண்டிருப்பது?

அந்தக் கட்டைகளைத்தான் தொகுதி ஆக்கிவிட்டார்கள். துறையில் தண்ணீரை இறைக்க இறைக்கக் கப்பல் மெல்ல இறங்கி அவற்றின் மேல் உட்காரும். கீழ்ப்பகுதி கான்கிரீட்டோ இரும்போ, உச்சியில் மென்மரம். பாரம் ஏறியதும் அந்த மென்மரம் கொஞ்சம் நசுங்கிக் கொடுத்து எடையைப் பரப்பிவிடும். இதில் தொகுதி எங்கே இருக்கிறது? கப்பலைப் பகுதி பகுதியாகச் செய்து இணைக்கும்போது அந்தப் பெரும்பகுதியைத் தொகுதி என்றால் ஒப்புக்கொள்வேன். இது எராக்கட்டை, அவ்வளவுதான்.

எரா என்பது மரக்கலத்துச் சொல், இன்றைய இரும்புக் கப்பலுக்குப் பொருந்தாது என்பது அடுத்த வாதம். உண்மைதான், இன்று பெரிய இரும்புக் கப்பல்களை அடிமரத்தை முதலில் கிடத்தித் தொடங்குவது பெரும்பாலும் இல்லை. 50 டன் அல்லது மொத்தக் கட்டமைப்புப் பொருளின் எடையில் 1 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவு சேர்த்துவிட்டாலே, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸ் அதை எரா வைத்ததற்கு இணையான கட்டமாக எடுத்துக்கொள்கிறது. அப்படியும் ஆங்கிலேயர் தங்கள் பழைய சொல்லைக் கைவிடவில்லை. நாம் மட்டும் ஏன் விடவேண்டும்?

கரையில் படகைத் தாங்கும் சட்டத்தை, ஆங்கில cradle-ஐப் பார்த்துத் 'தொட்டில்' என்பதும் இந்த வகைதான். தொட்டில் ஆடவேண்டும், இது ஆடவே கூடாது. தாங்குசட்டம் என்று எழுதுங்கள்.