மூன்றாம் நாள் ஏன் அதிகமாக நாறுகிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் இரண்டரை வயதுக் கடுவன் பூனை. கருத்தடை ஆபரேஷன் செய்தாயிற்று. தனி வீட்டிலிருந்து இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. அதுவரை ஒழுங்காக மண்தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை, இப்போது துணிக்கூடையில் மூத்திரம் போகிறது. "பினாயில் ஊற்றிக் கூடையையும் தரையையும் கழுவுகிறேன். அன்றைக்கு வாடை இல்லை. மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாக அடிக்கிறது. வீடு மாறிய கோபத்தில் பழிவாங்குகிறது என்கிறார் மாமியார். நிஜமா?"

பதிலுக்கு முன்னால் ஒரு அவசரச் செய்தி. உங்கள் கடுவன் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயமல்ல இது.

அப்புறம், இரண்டு பழக்கங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நின்றபடி வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, சுவரிலோ கதவிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லைக் குறி. உட்கார்ந்து, தரையிலோ துணியிலோ நிறையப் போனால் அது சாதாரணமாகச் சிறுநீர் கழிப்பதுதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. பீய்ச்சும் கடுவன்களில் 10-க்கு 9 கருத்தடைக்குப் பிறகு நிறுத்திவிடும். வாசகியின் பூனை இரண்டாவது வகை.

சரி, மூன்றாம் நாள் வாடைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பூனையின் மூத்திரம் உடம்பிலிருந்து வெளியே வரும்போது அந்தப் பேர்போன வாடை அதில் பெரும்பாலும் கிடையாது. வாடை உங்கள் தரையில்தான் உருவாகிறது.

கதை ஈரலில் தொடங்குகிறது. நம் உடம்பிலும் இருக்கிற குளுட்டதயோன் என்ற பொருள் மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மாலை: குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசீன். நடுவில் இருக்கும் சிஸ்டீனில் ஒரு கந்தக அணு உண்டு. பூனையின் ஈரல் அந்தக் கந்தகத்தில் ஐந்து கார்பன் கொண்ட ஒரு வாலை ஒட்டிவிடுகிறது. அந்த வாலும் புதிய சரக்கல்ல, கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையிலிருந்து எடுத்துக்கொண்டது. வால் முளைத்த மாலை ரத்தத்தில் மிதந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்கே முதலில் குளுட்டமேட் மணி கழற்றப்படுகிறது. அடுத்து கிளைசீன் மணி. மிஞ்சுவது வால் ஒட்டிய சிஸ்டீன் மட்டும். அதற்குப் பெயர் ஃபெலினின். பூனைக் குடும்பத்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

ஃபெலினினுக்கு வாடை இல்லை. ஆனால் அது நிலையாகவும் இருப்பதில்லை. வெளியே வந்து தரையில் கிடக்கும்போது மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்ல உடைகிறது. உடையும்போது கந்தகம் சிஸ்டீனை விட்டுவிட்டு வாலோடு போய்விடுகிறது. அப்படிப் பிறக்கும் மூலக்கூறுகளில் முக்கியமானது 3-மெர்காப்டோ-3-மெதில்-1-பியூட்டனால், சுருக்கமாக எம்எம்பி. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு முனையில் தொங்கும் தயால் வகை அது. சமையல் கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறுகிறதே, அந்த எத்தில் மெர்காப்டனும் இதே இனம்தான். எரிவாயுவுக்குச் சொந்த வாடை இல்லாததால், கசிவு தெரியட்டும் என்று அதை வேண்டுமென்றே கலக்கிறார்கள். தயால்கள் மிகச் சொற்ப அளவில் இருந்தாலும் நம் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

பூனைக்கு இதனால் என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். வாடையை நேரடியாகத் தெளித்தால் காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். வாடையில்லாத பொட்டலமாக வைத்தால், அது நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து மணத்துக்கொண்டே இருக்கும். எல்லைக் காவலுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேண்டுமா? மேலும், சிஸ்டீன் இறைச்சியிலிருந்து வருகிற விலையுயர்ந்த சரக்கு. அதை இப்படித் தரையில் கொட்ட முடிகிற கடுவன், நன்றாக வேட்டையாடிச் சாப்பிடுகிற கடுவனாகத்தான் இருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் எண்ணம்.

கடைசி மணியைக் கழற்றுகிற நொதிக்குப் பெயர் காக்சின். ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் மசாவோ மியசாகியும் தெட்சுரோ யமாஷிதாவும் சகாக்களும் 2003-ல் அதை அடையாளம் கண்டார்கள். அது என்ன வேலை செய்கிறது என்பதை 2006-ல் விளக்கினார்கள். பெரும்பாலான பாலூட்டிகளில் சிறுநீரில் நிறையப் புரதம் வந்தால் சிறுநீரகம் பழுது என்று பொருள். பூனையோ ஆரோக்கியமாக இருக்கும்போதே நிறையப் புரதத்தை வெளியேற்றும். அது ஏன் என்று துருவியபோது, அந்தப் புரதத்தில் பெரும்பகுதி காக்சின் என்று தெரிந்தது. குட்டிக்கு மூன்று மாத வயதில்தான் இது சுரக்கத் தொடங்குகிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் இதைக் கூட்டுகிறது. கருத்தடை செய்தால் வெகுவாகக் குறைகிறது, முழுக்க நிற்பதில்லை. ஆபரேஷன் செய்த பூனையின் மூத்திரமும் கொஞ்சம் நாறுவது இதனால்தான்.

பூனை மூத்திரத்தில் ஏன் புரதம் என்று கேட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருக்கிறது. இங்கே ஒரு இளம் ஆய்வாளர் இதே கேள்வியோடு நிதி கேட்டால், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற வரியோடு விண்ணப்பம் திரும்பி வரும் என்றே நினைக்கிறேன். மாட்டுக்கும் கோழிக்கும் ஆராய்ச்சி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் நம்மோடு வாழ்கிற ஒரு விலங்கின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதும் அறிவியல்தான். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும்.

வாடைக்கு இன்னொரு காரணம் பூனையின் பூர்வீகம். அதன் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியப் பக்கத்து வறண்ட நிலக் காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு காலம் நம்மோடு இருந்தும் அதன் சிறுநீரகம் பாலைவனத்தை மறக்கவில்லை. நம் சிறுநீரகத்தால் முடிந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சிறுநீரைச் சுண்டவைக்கும். கொஞ்சம் தண்ணீரில் நிறையச் சரக்கு.

இப்போது கழுவும் விஷயம். முதல் நாள் நீங்கள் துடைத்தபோது வாடை இல்லை, ஏனென்றால் வாடை அப்போது பிறக்கவே இல்லை. கூடையின் பிரம்பிலும் தரை இடுக்கிலும் ஊறிப்போன ஃபெலினின் அப்படியே இருந்து, மூன்றாம் நாள் உடைந்தது. பினாயில் தன் வாசனையால் அதைக் கொஞ்ச நேரம் மறைத்தது, அவ்வளவுதான். பூனையின் மூக்கை அது ஏமாற்றாது. பழைய வாடை மிச்சமிருக்கிற இடத்துக்கே பூனை திரும்ப வரும்.

பினாயிலை நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கறுப்புப் பினாயிலில் ஃபீனால் வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவற்றை உடம்பிலிருந்து வெளியேற்ற நம் ஈரலில் இருக்கிற ஒரு நொதியின் மரபணு, பூனையில் பழுதாகிச் செயலற்றுக் கிடக்கிறது. பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் காரணம் அதே பழுதுதான். வெள்ளைப் பினாயிலில் இருக்கும் பைன் எண்ணெயும் ஆகாது. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பூனை பாதத்தை நக்கும், மறக்காதீர்கள். பிளீச்சும் வேண்டாம். மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கிற குளோரமைன் வாயு வரும்.

செய்ய வேண்டியது இதுதான். ஈரம் காயும் முன் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நொதி சேர்ந்த சலவைத் தூளைத் தண்ணீரில் கரைத்து நன்றாக ஊறவிட்டு அலசுங்கள். அதன் பிறகும் வாடை வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. 1993-ல் பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர், ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்கு ஒரு கலவையை வெளியிட்டார். 3 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், ஒன்றிரண்டு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். ஸ்கங்க்கின் நாற்றமும் தயால்தான், அதனால் இங்கேயும் பலிக்கிறது. பெராக்சைடின் ஆக்சிஜன் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ள, மூலக்கூறு வாடையற்றதாக மாறிவிடுகிறது. நம் மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கலந்ததைப் பாட்டிலில் மூடி வைக்கக் கூடாது, வெடித்துவிடும். துணியில் சாயம் போகுமா என்று ஒரு ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பூனை மேல் ஊற்ற வேண்டாம்.

மாமியாரின் சந்தேகத்துக்கு வருகிறேன். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜூடி ஸ்டெல்லாவும் டோனி பஃபிங்டனும் சகாக்களும் 32 பூனைகளை 77 வாரம் கவனித்து 2011-ல் எழுதினார்கள். 20 பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி இருந்தது, 12 பூனைகள் ஆரோக்கியமானவை. சாப்பாட்டு நேரம் மாறியது, பார்த்துக்கொள்பவர் மாறினார் என்பது போன்ற சின்ன மாற்றங்கள் வந்தபோதெல்லாம், நோயுள்ளவை மட்டுமல்ல, ஆரோக்கியமானவையும் சரியாகச் சாப்பிடாமல் போயின, மண்தட்டுக்கு வெளியே மூத்திரம் போயின. பூனையின் நரம்பு மண்டலத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் அவ்வளவு நெருக்கம். பதற்றம் வந்தால் சிறுநீர்ப்பையின் உட்சுவரே பாதிக்கப்படலாம். கிருமியே இல்லாமல் எரிச்சலும் வலியும் வரும். வலித்த இடத்தைப் பூனை தவிர்க்கும். தட்டில் போனபோது வலித்தது, அதனால் தட்டு வேண்டாம். மெத்தென்ற துணி பரவாயில்லை.

இதைக் கோபம் என்றும் பழி என்றும் சொல்வதை, பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதைப் போன்ற தவறாகவே பார்க்கிறேன். இரண்டிலும் அடிபடுவது பூனை. பழிவாங்குகிறது என்று நம்பி, மூட்டை கட்டி மார்க்கெட் பக்கம் விடப்பட்ட பூனைகளை நானே பார்த்திருக்கிறேன். அவற்றில் எத்தனைக்கு வெறும் சிறுநீர்ப்பை வலி இருந்ததோ! மூக்கைத் தரையில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் பதற்றத்தைக் கூட்டி நோயை வளர்க்கும்.

தட்டைப் பற்றிச் சுருக்கமாக. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். மண் பொடியாக, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். தினமும் அள்ளுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு. எங்கள் வீட்டுப் பூனை மீனு ஜன்னலோரம் பீய்ச்சியபோது, தெருக் கடுவன் ஒன்று ராத்திரியில் ஜன்னல் கம்பிக்கு வெளியே வந்து உட்காருவதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. கீழ்ப்பாதிக் கண்ணாடியில் அட்டை ஒட்டியதும் நின்றது.

வாசகியின் கடிதத்தில் கடைசியில் ஒரு வரி இருந்தது. புது வீட்டில் இடமில்லாததால் மண்தட்டு பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். மெஷின் சுழன்று அதிரும்போது ஒரு தடவை அதில் உட்கார்ந்திருந்தால் போதும், பூனை அப்புறம் அந்தப் பக்கம் போக யோசிக்கும். முதலில் மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிறகு கூடையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு புதுத் தட்டை வையுங்கள். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனால், ஒரு நாளைக்கு ஒரு சாண் வீதம் உங்களுக்கு வசதியான மூலைக்கு நகர்த்தலாம். பால்கனி பக்கம் மட்டும் வேண்டாம்.