ஒரு வாட் ஹாம் ரேடியோவும் விமானத்தோட திசை முள்ளும்

"விமானத்துக்கு வழிகாட்டுற பீக்கன் இருக்கிற அதே அலைவரிசையில ஹாம் ரேடியோக்காரங்களும் ட்ரான்ஸ்மிட் பண்றாங்களாமே, இது ஆபத்து இல்லையா, எப்படி விடறாங்க?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. ஹாம்னா லைசன்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோ நடத்தறவங்க. கேள்வி நியாயமான கேள்விதான், பதிலும் ரொம்ப அழகானது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல பீக்கன். என்டிபின்னு சொல்லுவாங்க. ஏர்போர்ட் பக்கத்துல ஒரு டவர், அது 24 மணி நேரமும் எல்லா திசையிலயும் ஒரே மாதிரி சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும், நடுநடுவுல ரெண்டு மூணு எழுத்துல தன்னோட பேரை மோர்ஸ்ல சொல்லும், அவ்வளவுதான். விமானத்துல ஏடிஎஃப்னு ஒரு ரிசீவர், அதுல இருக்கிற லூப் ஆன்டெனாவுக்கு ஒரு குறிப்பிட்ட திசையில மட்டும் சிக்னல் கேக்காது, அதை வச்சு முள்ளு பீக்கன் இருக்கிற பக்கம் திரும்பும். ஜிபிஎஸ் வந்தப்புறம் பல நாடுகள்ல இதை ஒவ்வொண்ணா மூடிட்டு வர்றாங்க, ஆனா இன்னும் நிறைய இயங்குது.

ஹாம் கதை 2012ல தொடங்குது. அதுக்கு முன்னாடி 500 கிலோஹெர்ட்ஸ்தான் கப்பல்களோட ஆபத்து அழைப்பு அலைவரிசை, மோர்ஸ்ல எஸ்ஓஎஸ் வந்ததெல்லாம் அங்கதான். 1999ல கப்பல்கள் முழுசா புது சிஸ்டத்துக்கு மாறினதும் அந்தப் பக்கம் காலியாச்சு, நமக்குக் கொஞ்சம் கொடுங்கன்னு ஹாம் ஆளுங்க கேட்டாங்க. ஜெனிவாவுல 2012ல நடந்த உலக ரேடியோ மாநாட்டுல 495லேர்ந்து 505 வரைக்கும் கப்பல் சர்வீஸுக்கே போயிடுச்சு, ஹாம்களுக்கு 472லேர்ந்து 479 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் வெறும் 7 கிலோஹெர்ட்ஸ் கிடைச்சுது. அதுவும் ரெண்டாம் இடம்தான். ஆன்டெனாவுலேர்ந்து வெளிய போற பவர் 1 வாட்டுக்கு மேல போகக்கூடாது, சில நாட்டு எல்லைகள்லேர்ந்து 800 கிலோமீட்டருக்கு அப்பால இருந்தா 5 வாட் வரைக்கும் அந்தந்த அரசு அனுமதிக்கலாம். விமான வழிகாட்டி சர்வீஸுக்கு இடைஞ்சல் பண்ணவும் கூடாது, அவங்களால நமக்கு இடைஞ்சல்னு புகார் சொல்லவும் கூடாது.

ஒரு வாட்னா ஒண்ணுமே இல்லையேன்னு தோணும். கணக்கு போட்டுப் பாத்தா அப்படி இல்ல. பீக்கனோட எல்லைக்குள்ள குறைஞ்சது மீட்டருக்கு 70 மைக்ரோவோல்ட் சிக்னல் இருக்கணும்னு சர்வதேச விமான விதி சொல்லுது. ஹாமோட அந்த 1 வாட், வழியில தரை எதையும் உறிஞ்சலன்னு வச்சுக்கிட்டா, 100 கிலோமீட்டர்ல 55 மைக்ரோவோல்ட் வரும், 10 கிலோமீட்டர்ல 550. அதாவது சரியா அதே அலைவரிசையில, பீக்கனோட எல்லைக்குள்ள ஒருத்தர் ட்ரான்ஸ்மிட் பண்ணா முள்ளு குழம்ப வாய்ப்பு இருக்கு. அதனால பவர் கம்மி, ஆபத்தே இல்லன்னு யாராவது சொன்னா அது பாதி பதில்தான். மீதி பாதி, ஹாம் எவ்வளவு ஒல்லியா இடம் எடுத்துக்கிறாருங்கிறதுல இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதுதான்.

இந்த பேண்ட்ல பரவலா ஓடுறது விஸ்பர்ங்கிற முறை, 2008ல வந்தது. இந்த பேண்ட்ல விஸ்பர் அனுப்பற எல்லாரும் 475.6க்கும் 475.8 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவுல வெறும் 200 ஹெர்ட்ஸ்ல அடங்கிடறாங்க. ஒருத்தரோட சிக்னல் அகலம் 6 ஹெர்ட்ஸ்தான். பீக்கனுங்க அரை இல்லன்னா ஒரு கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில உக்காந்திருக்கிறப்போ, பக்கத்துல எந்த பீக்கன் எந்த அலைவரிசையில இருக்குன்னு பாத்து விலகிக்கிறது கஷ்டமே இல்ல.

ஆனா 6 ஹெர்ட்ஸ்ல, இவ்வளவு சின்ன பவர்ல, அட்லாண்டிக்கைத் தாண்டி எப்படி கேக்குது? ஊஞ்சலை நினைச்சுக்குங்க. ஊஞ்சலோட தாளத்துக்கு சரியா லேசா தள்ளிக்கிட்டே இருந்தா ஒவ்வொரு தள்ளலும் சேர்ந்துக்கிட்டே போகும், தாளம் இல்லாம பத்து பேர் கண்டபடி தள்ளினா பெரும்பாலும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். விஸ்பர் ரிசீவர் பண்றது இதேதான். அனுப்பறவர் ஒரே சுருதியை 0.683 செகண்ட் அசையாம பிடிச்சிருக்காரு, ரிசீவர் அந்த நேரம் முழுக்க அதே தாளத்துல கூட்டிக்கிட்டே இருக்கு. நேரம் நாலு மடங்கு ஆனா சிக்னலோட கூட்டல் நாலு மடங்கு ஆகும், இரைச்சலோட கூட்டல் ரெண்டு மடங்குதான் ஆகும். எவ்வளவு நேரம் கூட்டறோமோ அதைப் பொறுத்து ரிசீவரோட ஜன்னல், அதாவது அது கேக்கற அலைவரிசை அகலம், சுருங்கும்: 1ஐ 0.683ஆல வகுத்தா 1.46 ஹெர்ட்ஸ். சாதாரண பேச்சு ரிசீவரோட ஜன்னல் 2500 ஹெர்ட்ஸ், அதோட ஒப்பிட்டா உள்ள வர்ற இரைச்சல் சுமார் 1700ல ஒரு பங்குதான்! பவரைக் கூட்டவே இல்ல, பொறுமையை மட்டும்தான் கூட்டியிருக்கோம்.

இப்படி 162 சுருதி, நாலு விதமான சுருதிகள்ல மாத்தி மாத்தி, மொத்தம் 110.6 செகண்ட். இவ்வளவு நேரத்துல போற செய்தி 50 பிட்தான்: கால்சைன் (ஹாமோட அடையாளப் பேரு), இருக்கிற இடம், பவர், அவ்வளவே. அந்த 50 பிட்டையும் ஒண்ணுக்கொண்ணு பின்னிப் பிணைஞ்சு அனுப்பறதால நடுவுல பல சுருதி இடியில மின்னல்ல அழிஞ்சு போனாலும் மீதியை வச்சு முழு செய்தியையும் மீட்டுடலாம். காதுல சுத்தமா ஒண்ணுமே கேக்காத சிக்னல் ஸ்க்ரீன்ல பேரோட வந்து நிக்கும். விமானத்தால இப்படி ரெண்டு நிமிஷம் காத்திருக்க முடியாது, அதுக்கு முள்ளு இப்பவே திரும்பணும், அதனாலதான் பீக்கனுக்குப் பலமான சிக்னல் வேணும், ஹாமுக்கு வேண்டாம்.

விஸ்பரை எழுதினவர் ஜோ டெய்லர். 1974ல ரஸ்ஸல் ஹல்ஸோட சேர்ந்து அரெசிபோங்கிற பெரிய ரேடியோ டெலஸ்கோப்புல இரட்டைப் பல்சரை (தாளம் தப்பாம ரேடியோ துடிப்பு அனுப்பற நட்சத்திரம்தான் பல்சர், இது இன்னொரு நட்சத்திரத்தோட ஜோடியா சுத்தறது) கண்டுபிடிச்சு, அதுக்காக 1993ல இயற்பியல் நோபல் வாங்கினவர். பல்சர் சிக்னலும் இரைச்சல்ல முங்கிக் கிடக்கிறதுதான், அதையும் அதோட தாளத்துல ஆயிரக்கணக்கான துடிப்பை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கித்தான் வெளிய எடுக்கணும். வானத்துல கிடைச்ச பயிற்சிதான் இங்க தரைக்கு வந்திருக்குன்னு எனக்குத் தோணுது. அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசு கேட்டா "இதனால யாருக்கு என்ன லாபம்"னு கேக்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அந்த அரெசிபோ டெலஸ்கோப் 2020 டிசம்பர்ல இடிஞ்சு விழுந்துச்சு, பராமரிப்புக்கு இன்னும் தாராளமா செலவு பண்ணியிருக்கணுங்கிறது என் கருத்து.

இன்னொரு விஷயம், ஆன்டெனா. 475 கிலோஹெர்ட்ஸோட அலைநீளம் சுமார் 630 மீட்டர், கால் அலை ஆன்டெனாவே 158 மீட்டர் உயரம் வேணும். வீட்டுத் தோட்டத்துல 10, 15 மீட்டர் கம்பிதான் நிக்கும், அதுல ஊட்டற பவர்ல பெரும்பகுதி மண்ணையும் ஆன்டெனாவோட கம்பிச் சுருளையும் சூடாக்கிட்டு, பலருக்கு ஒரு சதவீதம் கூட வெளிய போறதில்ல. அதனால அந்த 1 வாட் எல்லையைத் தொடறதுக்கே நூறு வாட் கிட்ட ஊட்டறவங்க உண்டு.

அமெரிக்காவுல இந்த பேண்ட் 2017லதான் திறந்துச்சு, அங்க பெரிய தடையா நின்னது மின்சாரக் கம்பெனிங்க. உயர் அழுத்த லைன்லயே இதே அலைவரிசைகள்ல கன்ட்ரோல் சிக்னல் ஓட்டறாங்க, அதனால லைன்லேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள ஹாம் ஸ்டேஷன் இருக்கக்கூடாது, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்க அமைப்புக்குத் தகவல் சொல்லிட்டு 30 நாள் காத்திருக்கணும்.

கேட்டுப் பாக்கணும்னா லைசன்ஸ் வேண்டாம், நெதர்லாந்து ட்வென்டே பல்கலைக்கழகத்துல ஒரு ரிசீவர் இன்டர்நெட்ல எல்லாருக்கும் திறந்திருக்கு. நம்ம ஊர்ல பின்னிரவு நேரத்துல, குளிர்காலத்துல போங்க, அப்போ ஐரோப்பாவுல ராத்திரி. 474.2 கிலோஹெர்ட்ஸுக்கு, அப்பர் சைட்பேண்ட் (யுஎஸ்பி) செட்டிங்ல வச்சீங்கன்னா ஒவ்வொரு இரட்டைப்படை நிமிஷமும் பிறந்து ஒரு செகண்ட்ல மெல்லிசா சுருதி கிளம்பும். அப்படியே 300, 400 பக்கம் ஏஎம்ல நகர்த்துங்க, பீக்கனுங்க மோர்ஸ்ல தங்களோட பேரைச் சொல்றது கேக்கும்.