குறைந்த செலவில் வால்வு ஆம்ப்ளிஃபயர்: எதைப் பார்த்து வாங்குவது?

இணையக் கடைகளில் ‘டியூப் ஆம்ப்ளிஃபயர்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது சில ஆயிரம் ரூபாய் விலையில் ஒரு சின்னப் பெட்டி. மேலே இரண்டு கண்ணாடி வால்வு (டியூப் என்பதும் இதைத்தான்), முகப்பில் புளூடூத், ‘100 வாட் + 100 வாட்’ என்ற எழுத்து. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஏறி இறங்கினாலும் இதே வகைப் பெட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இதில் ஸ்பீக்கரை ஓட்டுவது வால்வு அல்ல, உள்ளே இருக்கும் கிளாஸ்-டி சிப், அதாவது டிரான்சிஸ்டர் வகை ஆம்ப்ளிஃபயர். வால்வு அதற்கு முந்தைய கட்டத்தில் பேருக்கு நிற்கிறது. பல பெட்டிகளில் அது வேலை செய்யத் தேவையான உயர் மின்னழுத்தம்கூட அதற்குக் கிடைப்பதில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். லேப்டாப் சார்ஜர் மாதிரி ஒரு அடாப்டரில் ஓடும். தூக்கினால் ஒன்றரை கிலோகூட இருக்காது. சுவிட்சைப் போட்டதும் வால்வு பளிச்சென்று ஒளிரும். உண்மையான இழை சூடேறிச் செம்மஞ்சளாக இருபது, முப்பது விநாடி பிடிக்கும். போட்ட உடனே எரிந்தால் அடியில் எல்இடி வைத்திருக்கிறார்கள். மேசை மேல் வைத்துப் பாட்டுக் கேட்க அந்தப் பெட்டி போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வால்வு ஓசைக்காகக் காசு கொடுப்பவர் வாங்க வேண்டிய பொருள் அது இல்லை.

வால்வுக்குள் நடப்பது

ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904-இல் செய்த வால்வில் இரண்டே உறுப்புகள்: சூடாகி எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு, அவற்றை இழுத்துக்கொள்ளும் பிளேட். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அதுதான் கிரிட். ஏரி மதகு போலத்தான் அது: பலகையைச் சற்றே ஏற்றி இறக்க ஆகும் பலம் கொஞ்சம், அதற்கேற்பப் பாயும் நீரோ ஏராளம். கிரிட்டில் சில வோல்ட் ஏறி இறங்கினால் பிளேட்டில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஆடும்.

மலிவான வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் அதிகம் காணப்படும் இஎல்84 வால்வை எடுத்துக்கொள்வோம். கேத்தோடைச் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர், அதாவது பாட்டே ஓடாவிட்டாலும் வால்வுக்கு ஏறத்தாழ 4.8 வாட் வெறும் சூடாகப் போகும். பிளேட்டில் 250 வோல்ட், அதில் 48 மில்லியாம்பியர் ஓட்டம். கிரிட், கேத்தோடைவிட 7.3 வோல்ட் கீழே நிற்க வேண்டும். இந்த 7.3 வோல்ட்தான் பயஸ். இது குறைந்தால் ஓட்டம் கட்டுமீறிப் பிளேட் சிவக்கும். கூடினால் ஓசை சிதையும்.

பிளேட்டில் வோல்ட் அதிகம், ஆம்பியர் மிகக் குறைவு. ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர் எதிர். இஎல்84 எதிர்பார்க்கும் சுமை சுமார் 5,200 ஓம், ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவில் நின்று இரண்டையும் ஒத்துப்போக வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 5,200-ஐ 8-ஆல் வகுத்தால் 650. அதன் வர்க்கமூலம் 25.5. பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுருள்) இருபத்தைந்தரைச் சுற்றுக்குச் செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) ஒரு சுற்று என்பது கணக்கு. காகிதத்தில் இவ்வளவுதான். செய்து பார்க்கும்போதுதான் செலவு தெரியும்.

காசு போகும் இடம்

ஒரே அளவு வோல்ட்டுக்கு, அதிர்வெண் பாதியானால் இரும்புக் கருவில் காந்தப் பாயம் இரண்டு மடங்காகும். 80 ஹெர்ட்ஸில் நிம்மதியாக இருக்கும் கரு, 40 ஹெர்ட்ஸில் நிறைந்து வழிந்துவிடலாம். அதன்பின் எவ்வளவு தள்ளினாலும் அடி ஓசை வராது, கரகரப்புதான் வரும். ஒரே வால்வு ஸ்பீக்கரை ஓட்டும் சிங்கிள்-எண்டட் வகையில் இன்னொரு சுமையும் உண்டு. வால்வின் 48 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் முழுவதும் பிரைமரி வழியாகவே போவதால் கரு எப்போதும் ஒரு பக்கமாகவே காந்தமேறி நிற்கும். அதைச் சமாளிக்கக் கருவில் காற்று இடைவெளி விடுவார்கள்; விட்டால் தூண்டல் (அடி ஓசையைக் காக்கும் பண்பு) குறையும்; குறைந்ததை ஈடுகட்ட இன்னும் பெரிய கரு வேண்டும். உச்சக் குரல் தெளிவாக வர வேண்டுமானால் பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். இரும்பு, செம்பு, கைவேலை மூன்றுமே விலை.

அதனால் மலிவு ஆம்ப்ளிஃபயரில் முதலில் வெட்டு விழுவது இங்கேதான். வால்வு கண்ணுக்குத் தெரியும், டிரான்ஸ்ஃபார்மர் மூடிக்குள் இருக்கும். ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த முழு வால்வு ஸ்டீரியோ ஐந்து கிலோவுக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். ‘5 வாட்’ என்று போட்டிருந்தால், எந்த அதிர்வெண்ணில் என்று கேளுங்கள். 1,000 ஹெர்ட்ஸில் எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் நல்ல பிள்ளைதான். 40 ஹெர்ட்ஸில் எத்தனை வாட் என்பதைச் சொல்லும் தயாரிப்பாளர் அரிது. சொன்னால் நம்பி வாங்கலாம். கேட்டுப் பார்க்க நம் ஊர்ச் சோதனை ஒன்று உண்டு. மிருதங்கம் நன்றாகப் பதிவான ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டு, தொப்பியில் (அடி ஓசை தரும் இடப்பக்கம்) வழுக்கி வரும் கும்கியைக் கவனியுங்கள். சத்தத்தைக் கூட்டும்போது வலந்தலை உயர்ந்து, தொப்பி மட்டும் அதே இடத்தில் நின்று மழுங்கினால் இரும்பு போதவில்லை.

எத்தனை வாட் போதும்

இதற்கு விடை ஆம்ப்ளிஃபயரில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வையுங்கள். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறத்தாழ 8 டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக ஒரு வாட்டில் காதுக்கு 83 வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவில் கேட்பது சராசரியாக 75 டெசிபல். அதற்கு ஆறில் ஒரு பங்கு வாட்டே போதும்! ஆனால் மிருதங்கத்தின் அடி, பித்தளை வாத்தியத்தின் எழுச்சி எல்லாம் சராசரிக்கு மேல் 15 டெசிபல் பாயும். 90-ஐத் தொட 5 வாட் வேண்டும். இதே கணக்கில் 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட், 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 2 வாட்.

இஎல்84 ஒன்று சிங்கிள்-எண்டடில் நான்கைந்து வாட் தரும். இரண்டைப் புஷ்-புல்லாக, அதாவது ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும்படி, சேர்த்தால் 12 முதல் 15 வாட். அதைவிடப் பெரிய இஎல்34 வால்வின் இணை 35 வாட் அளவு தரும். இப்போது கடைகளில் கிடைக்கும் சிறிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 85 முதல் 88 டெசிபல்தான். அவற்றோடு 5 வாட் சிங்கிள்-எண்டடை மாட்டிவிட்டு ‘வால்வில் பேஸே இல்லை’ என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் நிறைய. நடுத்தர ஹாலுக்கு, நடுத்தர ஸ்பீக்கருக்கு, நடுத்தரப் பட்ஜெட்டுக்கு எங்கள் தேர்வு இஎல்84 புஷ்-புல். எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்கள் கருவில் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால், சின்ன டிரான்ஸ்ஃபார்மரே கூடுதல் அடி ஓசை தரும். மாற்று வால்வின் விலையும் இஎல்34, கேடி88, 300பி என்று மேலே போகப் போகத்தான் ஏறும்.

அப்படியானால் சிங்கிள்-எண்டடை ஏன் விரும்புகிறார்கள்? அது சேர்க்கும் சிதைவில் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது ஸ்வரத்தின் இரண்டு மடங்கு அதிர்வெண், மேலோங்கி நிற்கும். அது மேல் ஸ்தாயியின் அதே ஸ்வரம். காது அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் செழுமையாக எடுத்துக்கொள்கிறது. புஷ்-புல் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளைக் கழித்துவிடும். மிஞ்சுவதில் மூன்றாவது முக்கியம், அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தனிக்குரல், வீணை, 92 டெசிபலுக்கு மேலான ஸ்பீக்கர் என்று இருப்பவருக்குச் சிங்கிள்-எண்டட் உண்மையிலேயே இனிக்கும்.

ஸ்பீக்கரின் ஓம் கணக்கையும் பாருங்கள். ‘8 ஓம்’ என்று எழுதியிருந்தாலும் சில ஸ்பீக்கர்கள் சில அதிர்வெண்களில் 4-க்குக் கீழே இறங்கும். அவற்றை 4 ஓம் முனையில் மாட்டிப் பார்ப்பது நல்லது. 4 ஓமுக்கும் 8 ஓமுக்கும் தனித்தனி முனை இல்லாத ஆம்ப்ளிஃபயரைத் தவிர்க்கலாம்.

பயஸ்

முதல் வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குபவர் தானியங்கி பயஸ், அதாவது கேத்தோடு பயஸ் உள்ளதை எடுப்பது உத்தமம். கேத்தோடில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஓட்டம் கூடினால் அதில் வோல்ட் கூடி, வால்வைத் தானே அடக்கும். வால்வு மாற்றும்போது எதையும் திருக வேண்டாம்.

பயஸ் வோல்ட்டைத் தனியாகக் கொடுக்கும் நிலை பயஸ் உள்ளவற்றில் நீங்களே அளந்து வைக்க வேண்டும். இஎல்34-இன் பிளேட் தாங்கும் உச்சம் 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 400 வோல்ட் என்றால் 44 மில்லியாம்பியர். கேத்தோடில் 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் 440 மில்லிவோல்ட், 1 ஓம் என்றால் 44. ஸ்பீக்கரை மாட்டி, சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து, இருபது நிமிடம் சூடானபின் அளக்க வேண்டும். வெளியே அளவுத்துளை வைத்த கருவி என்றால் மட்டுமே வீட்டில் செய்யுங்கள். அடிமூடியைக் கழற்றினால் உள்ளே 400 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் போடவே கூடாது. சுமை இல்லாதபோது பிரைமரியில் எகிறும் வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரின் காப்பையே துளைத்துவிடும். முதலில் ஸ்பீக்கர், அப்புறம் பிளக்.

சென்னையின் மின்சாரம், வெயில், உப்புக்காற்று

இறக்குமதியாகும் பல கருவிகள் 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டவை. நம் வீட்டு பிளக்கில் 230 என்பது பெயரளவு. சுமை குறைந்த இரவு நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 250 வந்தால் 6.3 வோல்ட் இழைக்கு 7.16 கிடைக்கிறது, கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடுதல். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் இழையின் ஆயுள் வேகமாகக் கரையும், உயர் அழுத்தக் கண்டென்சரும் தன் எல்லையைத் தொடும். 230 அல்லது 240 முனை உள்ள பவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நல்ல ஸ்டெபிலைசர் கட்டாயம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். கரண்ட் போனால் ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிடுவதே நல்லது.

வெப்பத்தைச் சும்மா விடக்கூடாது. நான்கு இஎல்84 கொண்ட ஸ்டீரியோ சும்மா இருக்கும்போதே 80, 90 வாட் இழுக்கும். நான்கு இஎல்34 என்றால் 130-க்கு மேல். அத்தனையும் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. மே மாதச் சென்னையில், மூடிய ஷோகேசுக்குள் வைத்த கருவியின் கதியை யூகித்துக்கொள்ளலாம். மேலே ஒரு சாண் காலியிடம், பின்பக்கம் திறப்பு, 105 டிகிரி என்று அச்சிட்ட கண்டென்சர்கள் மூன்றும் வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்பு ஈரத்தில் வால்வின் கால்களும் சாக்கெட்டும் கறுத்துப்போய் ஒரு பக்க ஓசை விட்டுவிட்டு வரும், படபடவென்று பொரியும். வால்வு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குமுன், பிளக்கை எடுத்து, நன்றாக ஆறவிட்டு, வால்வை மெல்ல இரண்டு மூன்று முறை பாதி உருவிச் செருகுங்கள். கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி போதும்.

வாங்கும்போது

சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கரில் காதை வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மெல்லிய ‘ம்ம்ம்’ வந்தால் இழை வயரிங் அல்லது எர்த் கோளாறு. 100 ஹெர்ட்ஸ் முரட்டு ரீங்காரம் என்றால் பவர் சப்ளையின் வடிகட்டிக் கண்டென்சர். வீட்டில் டிவி பெட்டியின் கேபிளைக் கழற்றியதும் ஹம் நின்றால் அது எர்த் சுழல், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்பு ஒரு வளையமாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் மேல் பழியில்லை. அதற்காக மூன்று பின்னில் எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள். பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன வால்வுகளைத் தட்டுங்கள். ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் கேட்டால் அது மைக்ரோஃபோனிக், மாற்றச் சொல்லுங்கள். அரைமணி ஓடவிட்டு, விளக்கை அணைத்துப் பாருங்கள். பிளேட்டில் சிவப்புத் திட்டு தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். வால்வுக்குள் வெள்ளிபோல மின்னும் பூச்சு பால் வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அது வெறும் கண்ணாடி. ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் கருவியை அணைத்து, ஆறவிட்டு, இடம் வலம் வால்வுகளை மாற்றிச் செருகுங்கள்: கோளாறும் கூடவே இடம் மாறினால் வால்வு, மாறாவிட்டால் சர்க்யூட்.

பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கோயில் திருவிழாவில் குரலைத் தொலைவுக்கு அனுப்பச் சுற்றியது. பல கருவிகளில் ஹார்ன்களுக்கான 100 வோல்ட் லைன்தான் வெளியீடு. வீட்டு ஸ்டீரியோவுக்கு உதவாது. பழைய ரேடியோகிராம் பரவாயில்லை, ஆனால் அப்படியே பிளக்கில் செருகாதீர்கள். பழைய காகிதக் கண்டென்சர் கசிந்தால் கிரிட்டில் நேர் வோல்ட் ஏறி வால்வு சிவந்துவிடும். மெக்கானிக்கிடம் 100 வாட் இழை பல்ப் வைத்த சீரிஸ் போர்டு வழியாகப் போடச் சொல்லுங்கள். பல்ப் பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். கப்ளிங் கண்டென்சர்களையும் எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றும் செலவை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பெங்களூரின் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் அந்தக் காலத்தில் இங்கேயே வால்வு செய்தது. அவை நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். புதிது என்றால் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நம்பகமானது.

இசைத்தட்டு கேட்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மலிவு வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் டர்ன்டேபிளை நேராக மாட்டும் ஃபோனோ உள்ளீடு கிடையாது. இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதைப் பெருக்கி, இசைத்தட்டில் அடி ஓசையைக் குறைத்தும் உச்ச ஓசையைக் கூட்டியும் பதிந்திருக்கும் ஆர்ஐஏஏ வளைவைச் சரிசெய்ய 47 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட தனி ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். அது டிரான்சிஸ்டரில் இருந்தாலே போதும், வால்வில்தான் வேண்டும் என்று கூடுதல் செலவு செய்ய வேண்டாம். டர்ன்டேபிளையும் பிரீஆம்பையும் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் கார்ட்ரிட்ஜின் சுருளே 50 ஹெர்ட்ஸ் ஹம்மை வாங்கிக்கொள்ளும்.