இருபது வாட்டும் நான்கு கதவுகளும்

மோட்டாருக்குக் காயில் கட்டித்தரும் பட்டறை இல்லாத ஊர் கொங்கு நாட்டில் அரிது. அத்தகைய பட்டறையில் செம்புக் கம்பி சுற்றுவதை ஒருமுறை பார்த்தவருக்கு ஸ்பீக்கரின் தத்துவம் எளிதில் விளங்கிவிடும். சுழல்வதற்குப் பதிலாக முன்னும் பின்னும் ஆடுகிற மோட்டார்தான் ஸ்பீக்கர். நிலைக்காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் நிற்கும் செம்புச் சுருளில் பாட்டின் மின் அலை பாயும்போது, சுருள் அசைந்து தன்னோடு ஒட்டியிருக்கும் கூம்பையும் அசைக்க, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் விவரித்த அமைப்புக்கும் இன்று கார்க் கதவில் இருப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

காரின் ஸ்பீக்கர் பெரும்பாலும் விளிம்பில்தான் முதலில் கெடுகிறது. என் பழைய காரில் பாட்டு கரகரக்கத் தொடங்கியபோது, டோர் பேடு எனப்படும் உட்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் விரல் பட்டதும் கருப்பட்டித் தூளைப்போல உதிர்ந்தது. கரூர், ஈரோடு வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் வண்டியில் நுரை நெடுங்காலம் தாங்காது என்பதால், ரப்பர் விளிம்பு உள்ளதையே வாங்குவது நல்லது. வால்பாறை மழையில் அடிக்கடி ஓடும் வண்டி என்றால், ஈரத்தை உறிஞ்சும் காகிதக் கூம்பைவிடப் பாலிபுரோப்பிலீன் கூம்பு பொருத்தமானது. மாற்றுவதற்கு முன் பழையதையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்துச் சீராக அழுத்தும்போது உரசல் கேட்டால் சுருள் காந்தத்தில் இடிக்கிறது என்று பொருள். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்ட வேண்டும்.

கடையில் நம் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 300 வாட், 400 வாட் என்ற எண்கள். இவற்றை அப்படியே நம்பி வாங்குவது, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்காமல் பெரிய பம்புசெட் வாங்குவதற்கு ஒப்பாகும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத ஸ்டீரியோ, ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் இயக்கினாலும், அந்த 14.4 வோல்ட்டைத் தாண்டி அலையின் உச்சியை உயர்த்த முடியாது. அந்த உச்சியின் வர்க்கத்தை 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வாட் வருகிறது. ஸ்டீரியோவின் முகப்பில் '4×50 வாட்' என்று எழுதியிருப்பது இந்தக் கணநேர உச்சத்தை ஒட்டித்தான். அலை முழுவதற்கும் சராசரி எடுத்தால் அது பாதியாகி 26 வாட் ஆகும். உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களில் ஏற்படும் இழப்பையும் கழித்தால், கரகரப்பில்லாமல் கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டியே இருக்கும்.

ஆகவே கவனிக்க வேண்டிய எண் வாட் அன்று, உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. சத்தம் 3 டெசிபல் ஏறுவதற்கு மின்திறன் இரட்டிப்பாக வேண்டும். அந்தக் கணக்கில், 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் எழுப்பும் சத்தத்தை 86 டெசிபல் ஸ்பீக்கர் எழுப்ப 80 வாட் தேவைப்படும். அது நம் ஸ்டீரியோவிடம் இல்லை. சிலர் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட்டில் அளந்து அச்சிடுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட் ஆகிவிடுவதால், 3 டெசிபல் சும்மா கூடித் தெரியும். 2 ஓம் ஸ்பீக்கர் மின்னோட்டத்தை ஏறக்குறைய இருமடங்கு இழுத்து, 4 ஓமுக்காகச் செய்த ஸ்டீரியோவைச் சூடாக்கிவிடும். பழைய ஸ்பீக்கரே 2 ஓமாக இருந்து, அதற்கென ஆம்ப்ளிஃபயரும் வண்டியில் இருந்தால் மட்டுமே அது சரி.

இவ்வளவு பார்த்து வாங்கியும் ஏமாற்றம் வருமானால், காரணம் பெரும்பாலும் கதவில் இருக்கும். திருப்பூர்ப் பனியன் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தால் இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்பீக்கரை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டால் பாடகர் குரல் கேட்கும், ஜமாப் மேளத்தின் கனத்த அடி கேட்காது. அட்டையில் கூம்பின் அளவுக்கு வட்டம் வெட்டி ஸ்பீக்கரை அதில் அழுத்திப் பிடித்ததும், காணாமல் போன அடி திரும்ப வந்துவிடும். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் உறிஞ்சுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதால், பின் அலை சில சென்டிமீட்டர் சுற்றி வந்து முன் அலையோடு கலந்து அதை அழித்துவிடுகிறது. அட்டை செய்த வேலையைக் காரில் செய்ய வேண்டியது கதவுத் தகடு. அதில் உள்ள பெரிய துளைகளை மூடி, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே நுரைப்பட்டை ஒட்டி, அதிரும் தகட்டின் மேல், அதிர்வை அடக்கும் ரப்பர் வகையான பியூட்டைல் தாள் பதித்தால், அதே ஸ்பீக்கர் வேறொன்றைப்போல ஒலிக்கும். கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்தான் வடிகிறது. அது காருக்குள் வராமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்கக் கூடாது, அடியிலுள்ள வடிகால் துளைகளையும் அடைக்கக் கூடாது.

அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல கார்களின் முன்கதவில் 6.5 அங்குலம் பொருந்தும். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு ஆழத்தை அளந்துகொண்டால் காந்தம் இடிக்காது. கீச்சென்ற மேல் ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக உள்ள ஜோடியை வாங்கினால் அதைக் காதின் உயரத்துக்கு ஏற்றி வைக்கலாம். அந்த வேலைக்கு மனமில்லாதவருக்கு, ட்வீட்டரும் ஒரே சட்டத்தில் அமைந்த வகையே போதும்.

பொருத்தி முடித்தபின், டோர் பேடை மூடுவதற்கு முன், ஸ்டீரியோவின் இணைப்பைக் கழற்றி, அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகளின் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட வேண்டும். பேட்டரியின் நேர்முனை நேர்க்கம்பியைத் தொடும்போது நான்கு கதவுகளிலும் கூம்பு வெளிப்பக்கமே நகர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டால், அந்தக் கதவில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன.